மண்டபம் யூனிட்டுக்கு நாற்பத்தொண்ணு

"மண்டபம்... மண்டபம்! ஏறுங்கத்தா சீக்கிரம், மழை வலுக்குது!"

ராமநாதபுரம் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் நின்று பாண்டியம்மாள் போட்ட சத்தம் அவளுடைய கூட்டாளிப் பெண்களுக்கு. ஆனால் விடிகாலை ஐந்தரை மணிக்கு, ஜூன் மாதத்தில் யாரும் எதிர்பார்க்காத அந்த மழையில், அதை நம்பி ஒரு ஆண்பிள்ளையும் ஓடி வந்து வேனில் ஏறிவிட்டான். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, தலை முழுக்கத் தண்ணீர்... ஏறியவன் பின்னால் போய் ஒதுங்கி நின்றானா என்றால் அதுவும் இல்லை. முன் வரிசையில் உமாமகேஸ்வரிக்குப் பக்கத்தில் காலியாக இருந்த ஒரே சீட்டில் தொப்பென்று உட்கார்ந்தான். தலையை ஒரு உதறு உதறினான். அத்தனை தண்ணீரும் அவள் மடியிலிருந்த ஃபைலில்!

"ஹலோ... இது லேடீஸ் வேன்!"

"மண்டபம்னு கூப்பிட்டாங்களே..."

"கூப்பிட்டது எங்க ஆளுகளை. இது இறால் கம்பெனி வேன். பஸ்ஸு அங்கன நிக்கும், இறங்குங்க."

அவன் பாவம் போல எழுந்தான். பின் சீட்டிலிருந்து ஹமீதா பானு குரல் கொடுத்தாள். "யா அல்லா! இந்த மழையில புள்ளைய எங்கிட்டு இறக்கி விடுறே உமா? நனைஞ்ச கோழி கணக்கா நிக்கிறாரு..."

வேனே கொல்லென்று சிரித்தது. அவனும் சிரித்தான். கண் இமையில் மழைத் தண்ணீர் நிற்க, இறங்கவா வேண்டாமா என்று அவளிடமே உத்தரவு கேட்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள்... உமாவுக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் கோபம் வரவில்லை. சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உக்காருங்க. ஃபைல்ல மட்டும் தண்ணி சொட்டாம உக்காருங்க."

உமாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மண்டபத்தில் இறால் உரித்து, பதப்படுத்தி, கப்பலேற்றும் ஒரு கம்பெனியின் யூனிட்டில் அவள்தான் எச்.ஆர். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒரே எச்.ஆர். ஆள் எடுப்பதும் அவள்தான், லீவு கொடுப்பதும் அவள்தான், புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்து அழுபவளுக்கு டீ வாங்கிக் கொடுப்பதும் அவள்தான். ஆர்.எஸ்.மங்கலத்தில் விவசாயம் பார்க்கும் அவள் அய்யா உக்கிரபாண்டி மகளை வேலைக்கு அனுப்பும்போதே கோடு கிழித்துவிட்டார். "மண்டபம்னா சரித்தா. அதைத் தாண்டி ஒரு ஊருக்கும் அனுப்ப மாட்டேன்."

இப்போது அந்தக் கோட்டுக்கு ஆபத்து வந்திருந்தது. மே மாதம் சென்னை ஹெட் ஆபீஸ் எல்லா யூனிட்டிலும் 'பணியிட மகிழ்ச்சிக் கணக்கெடுப்பு' என்று ஒன்று நடத்தியது. நெல்லூருக்கு எண்பத்து நாலு மார்க். பீமவரத்துக்கு எண்பத்தொன்பது. மண்டபத்துக்கு... நாற்பத்தொண்ணு. ஐம்பதுக்குக் கீழே போன யூனிட்டின் எச்.ஆர். சீட்டை எடுத்துவிடுவோம், உன்னை பீமவரத்துக்கு மாற்றுவோம் என்று கடிதம் வந்துவிட்டது. பீமவரம் என்றால் ஆந்திரா. அய்யா விடமாட்டார். ஆக, சீட்டு போனால் வேலை போச்சு. காரணம் கண்டுபிடிக்க இந்த வாரம் ஹெட் ஆபீஸிலிருந்து யாரோ வரப்போகிறார்களாம்.

வேன் கிளம்பப் போகும் நேரம் உமாவின் போன் அடித்தது. பேசிவிட்டு வைத்தவள் மடியிலிருந்த ஃபைலில் பேர்ப் பட்டியலைத் தேடினாள்.

"என்ன பாப்பா, லாரி வரலையா?" பாண்டியம்மாள்தான் கேட்டாள்.

"ஒரு லாரிதான் வருதாம்க்கா. பன்னெண்டு பேர் போதுமாம்."

மீன்பிடித் தடைக்காலம் அது. ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் கம்பெனிக்குச் சரக்கு கிடையாது. வெளியூர்ப் பண்ணை இறால் லாரியில் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. நெல்லூருக்கும் பீமவரத்துக்கும் பக்கத்திலேயே பண்ணை, அங்கே இந்தக் கஷ்டம் கிடையாது. உமா எழுந்து நின்று பேர்களை வாசித்தாள். வாசிக்காத பேர்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஹமீதா பானுவின் பேரும் இல்லை.

"விடியுமுன்ன சுபுஹு தொழுத கையோட உலை வச்சு, சோறாக்கி வச்சுட்டு ஓடி வந்தேன்..." ஹமீதா யாரையும் திட்டவில்லை. அதுதான் உமாவுக்குத் தாங்கவில்லை. தன் குடையை அவள் கையில் திணித்துவிட்டு வந்து உட்கார்ந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பக்கத்தில் இருந்தவன் மெதுவாகக் கேட்டான். "இதை நேத்தே சொல்லிருக்கலாம்ல?"

அவ்வளவுதான். அணை உடைந்தது.

"சொல்லலாம்! முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கே லாரி கிளம்பிட்டுதா இல்லையான்னு தெரிஞ்சுரும். ஆனா காலையில அஞ்சு மணிக்கு மேலதான் சொல்லணுமாம், ஹெட் ஆபீஸ் ரூலு. முன்னாடியே சொன்னா ஆளுக வேற கம்பெனிக்குப் போயிருவாகளாம். மாத்துங்கன்னு ஏழு மெயில் போட்டேன். ஏழுக்கும் ஒரே பதில். 'பரிசீலனையில் உள்ளது... வி.ஆர்.' கணக்கெடுப்பைத் தடைக்காலத்துல வைக்காதீங்கன்னு எழுதினேன். 'தேதி மாற்ற இயலாது... வி.ஆர்.'"

"வி.ஆரா?"

"சந்தோஷத்துக்குன்னே ஒரு ஆபீஸராம்! எனக்கு அந்தாள் எப்படி இருப்பாருன்னே தெரியும். அம்பது வயசு. வழுக்கை. ஏசி ரூம்ல உக்காந்து நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை முழுங்கிக்கிட்டு, அடுத்தவுக சந்தோஷத்துக்கு மார்க் போடுவாரு."

அவன் கை தன்னையறியாமல் தன் தலைமுடியைத் தடவியது. "வழுக்கையேவா..."

"பின்ன!"

அவன் சிரித்தான். பையைத் துழாவி ஒரு பொட்டலத்தை எடுத்தான். ரயிலில் வாங்கிய பன். பாதியைப் பிய்த்து, "அழுதா பசிக்கும், சாப்பிடுங்க," என்று நீட்டினான். முன்பின் தெரியாத ஆளிடம் வாங்கித் தின்னுகிற பழக்கம் உமாவுக்குக் கிடையாது. ஆனாலும் வாங்கித் தின்றாள். சொந்த ஊர் பரமக்குடிப் பக்கம் என்றான். வேலை விஷயமாக மண்டபம் போகிறேன் என்றான். உச்சிப்புளி தாண்டும்போது மழை விட்டுவிட்டது. இறங்கும்போது பேரைக் கேட்டால் தப்பாக நினைப்பானோ... ஒரு பேர்தானே, கேட்டால் என்ன... என்று அவள் மனசுக்குள் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கும்போதே வேன் கம்பெனி வாசலுக்கு வந்துவிட்டது.

கேட்டில் நின்ற செக்யூரிட்டி அவனைப் பார்த்து ஒரு சல்யூட் வைத்தார். "வாங்க வேல்ராஜ் சார்! ஹெட் ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணாங்க. கார்ல வருவீங்கன்னுல்ல சொன்னாங்க?"

வேல்ராஜ்... வி.ஆர்.!

உமா வேனிலிருந்து இறங்கி நேராக அவன் எதிரே போய் நின்றாள்.

"நாப்பது கிலோமீட்டர் கூடவே வந்தீங்க. ஒரு இடத்துலயாவது வாயைத் திறந்து சொல்லணும்னு தோணலையா சார்?"

"சொல்லிருந்தா நீங்க பேசிருக்க மாட்டீங்க..."

"ஆமா, பேசிருக்க மாட்டேன்தான்!"

விறுவிறுவென்று உள்ளே போனாள். பாண்டியம்மாள் அவனைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். "போச்சு தம்பி. அவ கோவிச்சா லேசுல இறங்க மாட்டா."

அடுத்த இரண்டு நாளும் உமா அவனோடு பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். "இந்தாங்க சார்." "அங்க இருக்கு சார்." "தெரியாது சார்." ஒவ்வொரு சாரிலும் ஒரு குத்து. அவன் இருநூற்றுப் பன்னிரண்டு கணக்கெடுப்புப் படிவத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தான். உரிக்கும் ஹாலுக்குப் போய்ப் பெண்களோடு நின்றான். மத்தியானம் அவர்கள் கருவாட்டுக் குழம்பு ஊற்ற, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டான். காரம் தாங்காமல் கண்ணில் தண்ணி வர, அவர்கள் சிரிக்க, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற உமாவுக்கும் சிரிப்பு வந்தது. அவன் நிமிர்ந்தான். அவள் அவசரமாக ஒரு ஃபைலைப் புரட்டினாள். ஃபைல் தலைகீழாக இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டே பாண்டியம்மாளிடம் அவன் ஏழாவது கேள்வியைக் கேட்டான். 'நாளைக்கு வேலைக்கு வர ஆவலாக இருக்கிறீர்களா?' முக்கால்வாசிப் பேர் இல்லை என்று போட்டிருந்த கேள்வி அது.

"ஏன் தம்பி, நாளைக்கு வேலை இருக்கா இல்லையான்னே தெரியாது. இதுல ஆவல் எங்கிட்டு வரும்? வேலைய வெறுக்கலப்பா நாங்க. விடிய எந்திரிச்சு, குளிச்சு, வாசல் வரைக்கும் வந்துட்டு, திரும்பி வீட்டுக்குப் போறோம் பாரு... அந்த நடைதான் கசக்குது. தெருவே பாக்கும்ல?"

வேல்ராஜ் அதற்கு மேல் சாப்பிடவில்லை.

இரண்டாம் நாள் மாலை உமாவின் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். "ஒரு வழி இருக்கு. பதினஞ்சாம் தேதி படகு கடலுக்குப் போகுது. மறுநாளே சரக்கு வந்து குவிஞ்சிரும், எல்லாருக்கும் வேலை. அன்னைக்கே மறு கணக்கெடுப்பு வச்சிரலாம். தொண்ணூறு மார்க் நிச்சயம். உங்க சீட்டுக்கு ஒண்ணும் ஆகாது."

உமாவுக்கு ஒரு நிமிஷம் ஆசை வந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே வந்தது. ஒரு 'சரி' சொன்னால் போதும்... பீமவரம் இல்லை, அய்யாவிடம் மன்றாட வேண்டாம். ஆனால் குடையை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நடந்த ஹமீதாவின் முதுகு கண்ணுக்குள்ளேயே நின்றது.

"வேணாம் சார். அழுகுற நாளா பாத்து எடுத்தது தப்புன்னா, சிரிக்கிற நாளா பாத்து எடுக்கிறதும் தப்புதான். தொண்ணூறு வந்துட்டா அடுத்த வருஷமும் இந்தப் பொம்பளைக இதே மாதிரி மழையில திரும்பிப் போகணும். நாப்பத்தொண்ணு உண்மையான மார்க்கு. அது அப்படியே இருக்கட்டும்."

"உங்க வேலை போயிருமே..."

"போகட்டும்." அவன் முன்னால் அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் மேலதிகாரி யாரும் இல்லை. "அந்தத் தேதியை வச்சது நான்தான். எல்லா யூனிட்டுக்கும் ஒரே நாள்னு பிடிவாதம் பிடிச்சதும் நான்தான். பரமக்குடியில பொறந்தவனுக்குத் தடைக்காலம் தெரியாதா? தெரியும். சென்னையில நாலு வருஷம் இருந்ததுல யோசிக்க மறந்துட்டேன். உங்க ஏழு மெயிலையும் ராத்திரி திரும்பப் படிச்சேன் உமா மேடம்... வெக்கமா இருந்துச்சு."

உமாவின் கோபம் அந்த இடத்திலேயே கரைந்துவிட்டது. ஆனால் காட்டிக்கொள்வாளா? "டீ சொல்லவா சார்?" என்றாள். அந்த சாரில் குத்து இல்லை. அவனுக்கும் அது தெரிந்தது.

அன்று சாயங்கால ரயிலுக்கு அவனை வழியனுப்ப மண்டபம் ஸ்டேஷன் வரை போனாள். கம்பெனி மரியாதை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிளாட்பாரத்தில் கடல் காற்று அவள் துப்பட்டாவைப் பிடுங்கியது. ரயில் வந்து நின்றது.

"உமா..." என்றான். மேடம் இல்லை. வெறும் உமா. சொல்லப்போகிறான்... என்னவோ சொல்லப்போகிறான்...

அவன் வாய் திறந்தது, மூடியது. "உங்க சீட்டு இருக்கும். நான் பாத்துக்கிறேன்." ஏறிவிட்டான்.

இவ்வளவுதானா! உமாவுக்கு அந்த ரயிலையே கையால் நிறுத்தலாம் போல் இருந்தது.

பத்தாம் நாள் ஹெட் ஆபீஸ் உத்தரவு வந்தது. கணக்கெடுப்புத் தேதியில் தவறு நடந்தது, பொறுப்பு வேல்ராஜுடையது, மார்க் மாற்றப்படாது. வேலை உண்டா இல்லையா என்று இனி முந்தின நாள் மாலை ஆறு மணிக்கே எல்லாருக்கும் போனில் தகவல் போக வேண்டும். மண்டபம் எச்.ஆர். சீட்டு தொடரும். உமா அதை உரிக்கும் ஹாலில் நின்று சத்தமாக வாசித்தாள். பாண்டியம்மாள் இறால் கையோடு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். ஹமீதா திருஷ்டி கழித்தாள்.

கடைசி வரியை மட்டும் உமா வாசிக்கவில்லை. 'மண்டபம் யூனிட் பொறுப்பிலிருந்து வேல்ராஜ், தன் வேண்டுகோளின்படி, விடுவிக்கப்படுகிறார்.'

தன் வேண்டுகோளின்படியாம்! யார் கேட்டது? நாமா துரத்தினோம்? ஆக, இந்த யூனிட்டே வேண்டாம் என்று கைகழுவிவிட்டான். உமாவே வேண்டாம் என்றுதானே அர்த்தம்... ஒரு போன் இல்லை. ஒரு மெசேஜ் இல்லை. போனை எடுத்து அவன் நம்பரைப் பார்ப்பாள், வைத்துவிடுவாள். அவனே பேசாதபோது நான் ஏன் பேசணும்? இந்த வீம்பிலேயே ஒரு மாதம் ஓடியது. மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

"பாப்பா, நீயே போனைப் போட்டுரேன்," என்றாள் பாண்டியம்மாள்.

"யாருக்குக்கா?"

"நான் பேரைச் சொல்லலையே... நீ ஏன் சிவக்குறே?"

ஆடி பிறந்தது. காற்று என்றால் அப்படி ஒரு காற்று. படகெல்லாம் கடலுக்குப் போய் வந்துகொண்டிருந்ததால் யூனிட் முழுக்கச் சரக்கு, ஓட்டமும் சத்தமுமாக இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் செக்யூரிட்டி போன் செய்தார். "மேடம், உங்களைப் பாக்க ஒரு விசிட்டர். என்ன விஷயம்னு நோட்டுல எழுதச் சொன்னா, 'சொந்த விஷயம்'னு எழுதிருக்காரு."

வாசலுக்கு வந்தாள். புழுதிக் காற்றில் கலைந்த தலையும் கசங்கிய சட்டையுமாக அவன். பார்த்ததும் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது, திரும்பிப் போய்விட வேண்டும் போலவும் இருந்தது.

"என்ன சார், வழி தவறி வந்துட்டீங்களா? இது நீங்க வேணாம்னு எழுதிக் கொடுத்த யூனிட்டு."

"சார் இல்லங்க. நேத்தோட கம்பெனியில என் நோட்டீஸ் பீரியட் முடிஞ்சுது. ராஜினாமா பண்ணிட்டேன். பரமக்குடிப் பக்கம் ஒரு நூற்பாலையில எச்.ஆர். வேலை கிடைச்சிருக்கு. சின்ன வேலைதான்."

உமா திகைத்துப்போனாள். "உங்களுக்கென்ன பைத்தியமா? தப்பை ஒத்துக்கிட்டதுக்கு ராஜினாமாவா கேட்டாங்க?"

"அவங்க கேக்கல. நானாத்தான்." அவன் தொண்டையைச் செருமினான். "கம்பெனி விதியில பதினாலாவது பிரிவு என்னன்னு தெரியுமா?"

தெரியாமல் என்ன? மாதா மாதம் புது ஆட்களுக்கு வகுப்பெடுக்கும்போது வாசிப்பவளே அவள்தானே! 'தன் பொறுப்பில் வேலை செய்யும் ஊழியரிடம் மேலதிகாரி எவரும் சொந்த விருப்பத்தைத் தெரிவிக்கக் கூடாது...' மனசுக்குள் சொல்லி முடிக்கும் முன்பே அவள் காது மடல் சூடாகிவிட்டது.

"அதை எழுதினதே நான்தான்," என்றான் வேல்ராஜ். "சரியாத்தான் எழுதினேன். அன்னைக்கு ஸ்டேஷன்ல வாய் வரைக்கும் வந்துருச்சு உமா. ஆனா உங்க சீட்டு அப்ப என் கையில இருந்துச்சு. அந்த நேரத்துல நான் கேட்டு நீங்க ஆமான்னா, மனசார சொன்னீங்களா, சீட்டுக்காகச் சொன்னீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? இல்லன்னு சொல்லணும்னு நினைச்சா, பயமில்லாம சொல்ல முடியுமா? அதான் மொதல்ல யூனிட்டை விட்டேன். அப்பவும் ஹெட் ஆபீஸ்லதான இருந்தேன்... அதான் வேலையவே விட்டேன். நோட்டீஸ் பீரியட்ல ஒரு மெசேஜ் கூடப் போடல. எப்படி இருந்தேன்னு கேக்காதீங்க..."

காற்று புழுதியை வாரி வீசியது. உமாவுக்குக் கண் கலங்கியது புழுதியாலா என்ன?

"இப்ப நீங்க இல்லன்னு சொன்னாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நாளைக்கும் அதே சீட்டு, அதே வேலை. அதனால இப்பக் கேக்குறேன். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. வேன்ல அந்தக் குடையைக் கொடுத்துட்டு வந்து அழுதீங்களே, அப்பவே பிடிச்சிருச்சு. என்னைக் கட்டிக்கிறீங்களா? நீங்க சரின்னா இந்த ஞாயித்துக்கிழமையே ஆர்.எஸ்.மங்கலம் வந்து அய்யாகிட்டப் பேசுறேன்."

உமா திரும்பிப் பார்த்தாள். உரிக்கும் ஹால் ஜன்னலில் வரிசையாக வலைத்தொப்பி போட்ட தலைகள் முளைத்திருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் பாண்டியம்மாள். ஹமீதா பானு ஏதோ துஆ ஓதுகிற மாதிரி கையை ஏந்திக்கொண்டிருந்தாள். ஒருத்தரும் இறால் உரிக்கவில்லை.

"என்னங்க... எதாவது சொல்லுங்க," என்றான் அவன். குரல் தழைந்துவிட்டது. "இல்லன்னா இல்லன்னே சொல்லிருங்க, போயிர்றேன்."

"போயிருவீங்களா? அவ்வளவு லேசா?" உமா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் நிமிர்ந்து, இத்தனை நாள் பார்க்காததற்கும் சேர்த்து அவன் கண்ணைப் பார்த்தாள். "ஒரு மாசம் என்னைச் சோறு தின்ன விடாம பண்ணிட்டு, பெரிய நியாயம் பேச வந்துட்டீங்க. இவ்வளவு பெரிய எச்.ஆரு... ஒரு பொண்ணோட மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிக்கத் தெரியல?"

"உமா..."

"அன்னைக்கு ஸ்டேஷன்லயே கேட்டிருக்கலாம். என் சீட்டு போயிருந்தாலும் ஆமான்னுதான் சொல்லிருப்பேன்."